ஆப்பு வாங்கிய படலம்

மகாளய அமாவாசைக்கு முந்தின நாள். பரணில் இருந்த கொலு பொம்மை டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து நாக்கில் சனி வந்து உட்கார்ந்தார். "இந்த வருஷம் கொலு அழைப்பிதழ் என் பொறுப்பு. தமிழ்லயே டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்" என்றேன்.

"எதுக்குங்க, நாலு பேருக்கு போன் பண்ணா முடிஞ்சுது" என்றாள் வீட்டுக்காரி.

நியாயமான பேச்சு. அதை நியாயம் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து நாள் பிடித்தது.

கொரட்டூரில் வீட்டு வசதி வாரியம் கட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடி எங்களுடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒரு வாஷர் வராமல் அசெம்பிளி லைன் முழுக்கக் கைகட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஐட்டம் எந்த ராக்கில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் மட்டும், நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

மடிக்கணினி மகளுடையது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. அதில் விண்டோஸோடு கூட 'பாஸ்' என்று ஒரு லினக்ஸும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் என்கிற லினக்ஸை அடித்தளமாக வைத்து, இந்திய மொழிகளைச் சேர்த்து, சென்னை சி-டாக்கில் தயாரித்தது. ஆன் செய்ததும் திரையில் 'பாஸ்' என்று வரும். "இந்த வீட்ல அது யாருன்னு அதுக்கு யார் சொன்னாங்க?" என்று அன்றைக்கே கேட்டாள் இவள்.

மகள் கல்யாணமாகிப் பெங்களூரு போனபின் அது அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கியது. நான்தான் எழுப்பினேன். ரிச்சி தெருவுக்குப் போய் 4 ஜிபிக்கு ரேமை ஏற்றி, ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் எதிர் வீட்டுப் பையனைத் தாஜா பண்ணி, டெபியன் 12 போட்டுக்கொண்டேன். மேல் தோற்றத்துக்கு சின்னமன் என்று ஒன்று. சின்னமன் என்றால் லவங்கப்பட்டை. ஞாபகத்தில் இருக்கட்டும், பட்டை பின்னால் வரும்.

முதல் படி, தமிழில் டைப் அடிக்க வழி செய்வது. நான் பழகியது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் முடிவான விசைப்பலகை. அதற்குத் தேவையான மென்பொருள் பொட்டலத்தின் பெயரை எங்கோ பார்த்துவைத்திருந்தேன்: ஐபஸ்-எம்17என். லாரி நம்பர் மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், 'மல்டிலிங்குவலைசேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்து எம், கடைசி எழுத்து என், நடுவில் 17 எழுத்து. எழுதக் கை வலித்து எண்ணிப் போட்டுவிட்டார்கள். எம்17என்-ஐச் செய்தது ஜப்பானில் ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனம். கொரட்டூரில் ஒருவன் 'அ' அடிக்க ஜப்பான்காரர் தயவு வேண்டியிருக்கிறது.

அந்தப் பொட்டலத்தை மட்டும் தனியாக டவுன்லோடு செய்து, டிபிகேஜி என்ற கட்டளையால் ஏற்றப் பார்த்தேன். கருப்புத் திரையில் பதில் வந்தது. டிபெண்டென்சி பிராப்ளம், அமைக்காமல் விடுகிறேன் என்று. இது அதைச் சார்ந்தது, அது இன்னும் வரவில்லை. சரி, அதைக் கொண்டுவந்தேன். அது இன்னொன்றைக் கேட்டது. இன்னொன்று மற்றொன்றைக் கேட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு, ஏழு பொட்டலங்கள் வாசலில் செருப்பை விட்டு, உள்ளே வரமாட்டேன் என்று நின்றன. சம்பந்தி வீட்டார் மாதிரி.

"என்னங்க அது, டிபெண்டென்டு டிபெண்டென்டுன்னு முணகறீங்க?"

"ஒண்ணை நம்பி இன்னொண்ணு இருக்கறது. உனக்குத் தெரியாதா? என் ஈஎஸ்ஐ கார்டுலயே டிபெண்டென்ட்னு உன் பேருதான் இருந்துச்சு."

"ஆமாமா, இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். என் கண்ணாடி என் நெற்றியில் இருப்பதைச் சொல்லாமலே அணைத்தாள்.

மறுநாள் எதிர் வீட்டுப் பையன் வந்து பார்த்துச் சிரித்தான். "அங்கிள், ஒண்ணொண்ணா எவன் தூக்குவான்? ஆப்ட் போடுங்க. என்னென்ன வேணுமோ அதுவே கணக்குப் பார்த்து, வரிசையா எடுத்துட்டு வந்துரும்."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னப்பா, அங்கிளுக்கு ஆப்பா?"

"ஆப்பு இல்ல ஆன்ட்டி, ஆப்ட். ஆப்ட்-கெட்."

"அதைத்தான் நானும் சொல்றேன். முப்பது வருஷமா கெட்டுகிட்டுதான இருக்காரு."

அவள் கேலி இருக்கட்டும், ஆப்ட் அருமையான சாமான். கட்டளைக்கு முன்னால் 'சூடோ' என்று போட வேண்டும். அப்போதுதான் எந்திரம் நம்மை வீட்டுத் தலைவனாக மதிக்கும். கடவுச்சொல் கேட்கும், சரிபார்க்கும், பிறகு கீழ்ப்படியும். இந்த மாதிரி ஒரு வார்த்தை சமையலறைக்கும் இருந்தால் தேவலை. ஆப்ட் முழுசாகக் குடிவந்தது டெபியன் 2.1-இல், 1999 மார்ச்சில். தமிழ்99 முடிவான அடுத்த மாதம். அதற்கு முந்தைய காலத்தில் இந்த வேலையை முக்கால்வாசி கையால் செய்தவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. நேற்று ராத்திரி பதினொன்றரை வரை நானும் அவர்களில் ஒருவன்.

நுணுக்கம் எதில் என்றால், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. எங்கள் ஸ்டோர்ஸில் பின் கார்டு இருக்குமே, அது மாதிரி. 'டிபெண்ட்ஸ்' என்றால் இது இல்லாமல் நடக்காது. 'ரெக்கமெண்ட்ஸ்' என்றால் இருந்தால்தான் நன்றாயிருக்கும், வேண்டாம் என்று நாமே சொன்னாலொழிய ஆப்ட் அதையும் சேர்த்துக் கொண்டுவரும். 'சஜஸ்ட்ஸ்' என்றால் உங்கள் இஷ்டம். 'கான்ஃபிளிக்ட்ஸ்' என்றால் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைக்காதே. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் டிபெண்ட்ஸ், நாயனம் ரெக்கமெண்ட்ஸ், பீடா சஜஸ்ட்ஸ். எங்கள் மகள் கல்யாணத்தில் பீடா இல்லை என்றுதான் பேச்சு வந்தது என்பது தனிக்கதை.

வட்டச் சார்பு என்றும் ஒன்று உண்டாம். இது வந்தால்தான் அது, அது வந்தால்தான் இது. பையன் இதற்கு உதாரணம் தேடித் தவித்தான். எனக்குத் தவிப்பே இல்லை. கொலுவுக்கு முறையாக அழைத்தால் வரலாம் என்று சம்பந்தியம்மா இருக்கிறார்கள். அவங்க ஒரு போன் போட்டு விசாரித்தால் அழைக்கலாம் என்று இவள் இருக்கிறாள். மூன்று வருஷமாகக் கான்ஃபிகர் ஆகாமல் நிற்கிறது.

ஆப்டுக்கு உதவிக் குறிப்பு கேட்டால், கடைசி வரியில் 'இந்த ஆப்டுக்கு சூப்பர் பசு சக்தி உண்டு' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். 'ஆப்ட் மூ' என்று அடித்துப் பார்த்தேன். எழுத்துக்களாலேயே வரைந்த ஒரு மாடு வந்து, இன்றைக்கு மூ என்று கத்தினாயா என்று கேட்டது. ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் காமதேனு பொம்மையோடு வந்தவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு நாளா உக்காந்து ஒரு மாடு வரைஞ்சிருக்கீங்க. அதுவும் கன்னுக்குட்டி இல்லாம."

அவளைச் சமாதானப்படுத்த டெபியன் வரலாறு சொன்னேன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்பவர் தொடங்கியது. காதலி டெப்ராவின் பெயரில் பாதியையும் தன் பெயரையும் சேர்த்து டெப்-இயன் என்று வைத்தார். "நீங்க எம் பேரை எதுக்கு வெச்சீங்க?" என்று கேட்டாள். பேச்சை மாற்றினேன். டெபியனும் ஒரு கொலுதான் என்றேன். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மை ஒன்றின் பெயர். முதலில் பஸ், அப்புறம் ரெக்ஸ், இப்போது நம் வீட்டில் இருப்பது புக்வொர்ம் என்கிற புத்தகப்புழு, 2025-இல் வந்தது டிரிக்ஸி என்கிற டைனோசர். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிட் என்கிற பக்கத்து வீட்டுப் பையன் பெயரை, எந்நேரமும் உடையக்கூடிய நிலையற்ற பதிப்புக்கு நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். இது அவளுக்குப் பிடித்தது. போன வருஷம் செட்டியார் பொம்மையின் கையை உடைத்த பேரனுக்கு அன்றிலிருந்து சிட் என்று பெயர்.

ஐபஸ்-எம்17என் ஏறியது. ஆனால் 'க' அடித்தால் 'h' வந்தது. எந்திரத்தை ஒரு தடவை அணைத்து எழுப்பியிருந்தால் போதும் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரியாமல் மூன்றாம் நாள் ராத்திரி பூரா மல்லுக்கட்டினேன். ஒன்பது மணிக்கு இவள், "கொண்டக்கடலை டப்பா மேடை மேல இருக்கு. ஊறப் போட்டுட்டுப் படுங்க, எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டுப் போனதும், நான் ம் என்றதும் நிஜம். விடிந்து பார்த்தால் டப்பா மூடியபடியே இருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் எட்டுப் பெண்கள் வரப்போகிறார்கள். ஊறாத கொண்டைக்கடலை, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் கோலிக்குண்டு. டெபியனில் இதற்கு 'ப்ரீ-டிபெண்ட்ஸ்' என்று பெயர்: கூட இருந்தால் போதாது, முன்கூட்டியே வந்து தயாராக நின்றிருக்க வேண்டும். இதை நான் அவளிடம் விளக்கவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவை மேல் தட்டில் வைத்தாள், பக்கத்து டப்பாவை எடுத்தாள். பாசிப்பருப்பு. அரை மணி ஊறினால் போதும், மலர வேக வைத்து, தேங்காயும் மாங்காயும் போட்டுத் தாளித்தால் சுண்டல். வந்த பெண்களில் ஒருவரும் கொண்டைக்கடலை எங்கே என்று கேட்கவில்லை. டெபியன் சீட்டில் இரண்டு பெயருக்கு நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டிருக்கும்: இது, இல்லையென்றால் அது. அந்தக் கோட்டை நான் முதல்முதலாகச் சரியாகப் புரிந்துகொண்டது எங்கள் வீட்டு அலமாரியின் இரண்டாம் தட்டில்.

பட்டபின்னும் புத்தி வரவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் எனக்குள் இருந்த ஸ்டோர்ஸ்காரன் விழித்துக்கொண்டான். எந்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஸ்டாக் எடுத்துப் பார்ப்போமே என்று 'ஆப்ட் லிஸ்ட்' என்பதோடு 'இன்ஸ்டால்டு' என்றும் சேர்த்து அடித்தேன். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஐட்டம்! நான் இண்டென்ட் போட்டது நாலோ ஐந்தோ. மீதியெல்லாம் யார் கையெழுத்தில் உள்ளே வந்தது? கண்ணில் பட்டது பைத்தான்3. என்னைக் கேட்காமல் வீட்டில் மலைப்பாம்பா? நகராத சரக்கு டெட் ஸ்டாக், டெட் ஸ்டாக்கைக் கழிப்பதுதான் நல்ல ஸ்டோர்ஸ் கீப்பருக்கு அழகு. சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3.

ஆப்ட் நல்லவன். இதை எடுத்தால் கூடவே என்னென்ன போகும் என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல் போட்டு, சம்மதமா என்று கேட்டது. பாங்கில் லோன் பேப்பரில் கையெழுத்துப் போட்ட கையாயிற்றே, படிக்குமா? 'ஒய்' தட்டினேன். முடிந்ததும், இன்னின்ன பொட்டலங்கள் தானாக வந்தவை, இனி இவை யாருக்கும் தேவையில்லை, 'ஆட்டோரிமூவ்' செய்யலாம் என்று யோசனை சொன்னது. அதைச் சத்தமாக வாசித்துவிட்டேன்.

"தானா வந்துச்சு, இனிமே யாருக்கும் தேவையில்லையா? உங்களைப் பத்தி அதுக்கு யாருங்க சொன்னது?" என்றது சமையலறை.

அந்தக் கோபத்தில் அதற்கும் ஒய் தட்டினேன். மறுபடி ஆன் செய்தபோது பட்டை இல்லை. சின்னமன் போயிருந்தது. ஐகான் போயிற்று, எலி அம்புக்குறி போயிற்று, வைஃபை போயிற்று. வெறும் கருப்பு. அதில் வெள்ளை எழுத்தில், நீ யார் என்று மட்டும் கேட்டது.

பையன் ஏழாம் நாள் ராத்திரிதான் கிடைத்தான். கருப்புத் திரையில் 'ஆர்டிபெண்ட்ஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறதென்றான். ஒரு பொட்டலம் எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்பதைத் திருப்பிப்போட்டு, இதை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்று காட்டும். பைத்தான்3 என்று கொடுத்தான். பட்டியல் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கொரட்டூர் ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி. எனக்குச் சட்டென்று விளங்கியது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கல் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு. நடுவில் ஒரு ஏரியைத் தூர்த்துவிட்டு, கீழே ஏன் வறண்டது என்று கேட்டிருக்கிறேன்.

"பெரிய ஆளுங்களே மாட்டிருக்காங்க அங்கிள்" என்று ஆறுதல் சொன்னான். 2016 மார்ச் 22-ஆம் தேதி, பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்ட ஒரு புரோகிராமர், தான் எழுதிப் பொதுவில் வைத்திருந்த பொட்டலங்களையெல்லாம் என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட். பதினொன்றே வரி. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் கொஞ்சம் இடம்விட்டு நிரப்பும், வேறொன்றும் தெரியாது. அதைச் சார்ந்தது ஒன்று, அதைச் சார்ந்தது மற்றொன்று என்று போய், உலகம் பூரா பெரிய பெரிய கம்பெனிகளின் மென்பொருள் தயாரிப்பு நின்றுபோனது. சில மணி நேரத்தில் கிடங்குக்காரர்களே அதைத் திருப்பி வைத்தார்கள். பூக்காரம்மா ஒரு நாள் வரவில்லை என்றால் எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீட்டுப் பூஜை நிற்கிறது. அந்தம்மா கூடையில் இருப்பது எத்தனை முழம் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

2024 மார்ச்சில் இன்னொன்று. எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னப் பொட்டலம். அதைத் தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரிடம், உதவுகிறேன் என்று வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கை வாங்கி, கடைசியில் திருட்டுக் கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டான் ஒருவன். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், எந்திரத்துக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூட ஆகிறதே என்று குடைந்து கண்டுபிடித்தார். அதற்குள் அது டெபியனின் சிட் வரைக்கும் வந்திருந்தது. புத்தகப்புழுவைத் தொடவில்லை. அரை விநாடி! நான் ரசத்தில் உப்பு இல்லாததை இரண்டாவது கரண்டியில்தான் கண்டுபிடிக்கிறேன். அதையும் வெளியில் சொல்வதில்லை.

எட்டாம் நாள் ராத்திரி, வைஃபை இல்லாததால் பையன் இவள் போனைக் கேபிளில் மாட்டி, ஏதோ மந்திரம் போட்டு, பட்டையைத் திருப்பி இறக்க ஆரம்பித்தான். ஒன்பதரைக்கு, பார்த்துக்கொண்டிருந்த சீரியல் நின்றுபோய் இவள் வந்தாள். அவளுடைய அன்றைய ஒன்றரை ஜிபி முழுவதும் லவங்கப்பட்டைக்குப் போயிருந்தது. மகளுக்கு போன் பறந்தது. மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, போன்லயே தமிழ்ல டைப் பண்ணலாமே, ஏன் பண்ணல?"

"டவர் சரியில்லம்மா" என்று வைத்துவிட்டேன்.

நள்ளிரவுக்கு மேல் மறுநாள் டேட்டா பிறந்தது, பாக்கியும் இறங்கியது. விடியற்காலை பார்த்தால் பொட்டலங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது. பிரிப்பது வேறு, கான்ஃபிகர் செய்வது வேறு. பொம்மையைத் துணியிலிருந்து எடுப்பதும் படியில் ஏற்றி நிறுத்துவதும் போல. பிரித்தது நூற்றுக்கு நூறு வந்தது. இனி படியேற்ற வேண்டியதுதான் என்று நான் காப்பிக்கு எழுந்தேன். திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது.

அன்றைக்கு ஒன்பதாம் நாள். சரஸ்வதி பூஜை. கொலுவின் கடைசிப் படிக்குக் கீழே மனையில், பேரனின் பழைய பாடப் புத்தகம், அவளுடைய தையல் கத்தரி, சுருதிப் பெட்டி, என் ஸ்டோர்ஸ் காலத்து வெர்னியர் காலிப்பர், இவற்றோடு மடிக்கணினியும் மூடியபடி உட்கார்ந்திருந்தது. மூடியில் மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்தி.

"ஒரு பத்து நிமிஷம்..." என்று ஆரம்பித்தேன்.

"நாளைக்கு விஜயதசமி முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

ஆப்டிலும் இப்படி ஒரு வசதி உண்டு. 'ஹோல்ட்' என்று குறித்துவிட்டால் ஆப்ட் அந்தப் பொட்டலத்தைத் தானாக அசைக்காது. ஆனால் அதை எடுக்கவும் ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். இதற்கு இல்லை. சூடோ போட்டாலும் நடக்காது.

அதற்குள் கொலு அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் மத்தியானமே அவள் பதினைந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் போன் செய்து முடித்திருக்கிறாள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு போனவர்களில் சம்பந்தியம்மாவும் இருந்தார்கள். யார் முதலில் போன் போட்டது என்று நான் கேட்டேன். சுண்டல் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். கொண்டைக்கடலை. நன்றாக ஊறியிருந்தது.

விஜயதசமி அன்று ராத்திரி, ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, ஆரத்தி எடுத்த பிறகு மடிக்கணினி என் கைக்கு வந்தது. குங்குமத்தைத் துடைத்துவிட்டு, டிபிகேஜியிடம் அரைகுறையாக நிற்பதையெல்லாம் முடி என்றேன். ஒவ்வொன்றாகப் படியேறின. பட்டை வந்தது. 'க' அடித்தேன், க வந்தது. கொரட்டூரில் அந்த நேரத்தில் என்னைவிடச் சந்தோஷமாக ஒருவர் விழித்திருந்திருக்க முடியாது. எங்கள் இல்லக் கொலுவுக்குத் தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து என்று தொடங்கி, சந்திப்பிழை பார்த்து, ஓரத்தில் ஒரு குத்துவிளக்குப் படமும் வைத்து, ஒரு மணிக்கு முடித்தேன். காலையில் முதல் ஆளாக பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்று இருபத்தைந்து பிரதி எடுத்தேன். பச்சைத் தாளில்.

வீட்டுக்கு வந்தபோது படிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய செய்தித்தாள் போதவில்லை என்று இவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"தாள் நல்லா கெட்டியா இருக்குங்க" என்றாள். பத்து நாளில் என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. செட்டியாருக்கு இரண்டு, காமதேனுவுக்கு மூன்று, தசாவதாரத்துக்கு ஆளுக்கு இரண்டு என்று இருபத்தைந்தும் சரியாகப் போனது. டிரங்குப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்ற ஸ்டூல் மேல் நின்றேன். மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டேன்.